பதினேழாம் எண் வீட்டின் பச்சை வாளி

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரேவதி போன் செய்தார். நான் கடைசியாக வேலை பார்த்த பேரூராட்சியில் எனக்குப் பிறகு துப்புரவு மேற்பார்வையாளராக வந்தவர். அந்த வாரம் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு அது. முதல் இரண்டும் பதிவு செய்த விளம்பரக் குரல்கள்.

“சார், நல்லா இருக்கீங்களா? ஒரு உதவி வேணும். வீடு வீடாக் குடுக்க நோட்டீசு அடிக்கிறோம். சுற்றுச்சூழலுக்கு நல்லதா, வீட்டுல தெனம் செய்யக்கூடிய சின்னச் சின்னப் பழக்கமா ஒரு பத்து எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்.”

“ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி?”

“சார்!” என்று சிரித்தார். “நீங்க மாறவே இல்ல. இப்ப உங்க காலத்து நோட்டெல்லாம் கெடையாது சார். வீட்டு வாசல்ல க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கோம். வண்டியில வர்றவங்க போன்ல ஸ்கேன் பண்ணுனா, குப்பை வாங்கியாச்சுன்னு பதிவாகிரும்.”

“குப்பை இல்லாத வீட்டுல?”

“அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு. ‘குப்பை இல்லை’ன்னு.”

“அதை அமுக்கின பெறகு என்ன செய்வாங்க?”

“அடுத்த வீட்டுக்குப் போவாங்க. ஏன் சார்?”

எழுதித் தருகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பத்துப் பழக்கங்களையும் அன்றைக்கே எழுதியும் விட்டேன், இருபத்திரண்டு வரி. ஆனால் அதை அனுப்ப மனம் வரவில்லை. அந்தப் பட்டனே உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் முடியாது.

நான் இப்போது புதுக்கோட்டையில் தனியாக இருக்கிறேன். மனைவி காலமாகி இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. மகள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், சராசரியாக நாலு நிமிடம். என் வீட்டின் ஒரு நாள் மக்கும் குப்பை நூற்றுப் பத்து கிராம். தினமும் நிறுத்துப் பார்த்துத்தான் வெளியே வைக்கிறேன். யாரும் கேட்பதில்லை. பழக்கம் விடவில்லை.

வேலைக்கு வந்த கதை நீளமில்லை. திருச்சியில் ஓராண்டு துப்புரவு ஆய்வாளர் பயிற்சி. கொசு, குடிநீர், கிணற்றுக்குக் குளோரின், நாய்க்கடி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். குப்பைக்கு மட்டும் இரண்டே வகுப்பு. அதில் ஒன்று விடுமுறையில் போய்விட்டது. பிறகு முப்பத்தொரு வருடம், மூன்று பேரூராட்சி. நான் சொல்லப்போவது கடைசியாக இருந்த ஊரில் நடந்தது. பெயர் வேண்டாம். அன்னவாசல் இல்லை, கீரமங்கலமும் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அங்கே உள்ளவர்கள் என்மேல் வருத்தப்படக் கூடாது.

எங்கள் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு வருகைப் பதிவோடு தொடங்கும். பதினெட்டுத் தூய்மைப் பணியாளர்கள், ஆறு தள்ளுவண்டி, ஒரு டிராக்டர். வண்டிக்கு மூன்று பேர். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை. இரண்டும் கலந்திருந்தால் வாங்கக் கூடாது, வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பத்தரை மணிக்கு வண்டிகள் உரக்கிடங்குக்கு வரும். வாசலில் ‘வளம் மீட்புப் பூங்கா’ என்று பெரிய பலகை. பணியாளர்களுக்கு அது கிடங்குதான்.

கிடங்கில் நான் தினமும் தவறாமல் செய்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஏதாவது ஒரு பையை நானே எடுத்து, சாக்கை விரித்துக் கொட்டி எண்ணுவேன். பணியாளர்கள் இதற்கு ‘சாரோட பூஜை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்ணியதால்தான் பால் கவர் மூலையைக் கண்டுபிடித்தேன். பால் கவரைத் திறக்கும்போது மூலையைத் தனியாக வெட்டி எறிவார்கள் அல்லவா, அது விரல் நகத்தளவு இருக்கும். ஒரே நாளில் ஒரே வண்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு மூலைகள் எண்ணினேன். அதைப் பொறுக்க யாராலும் முடியாது. உரத்தோடு வயலுக்குப் போகும், மழையில் கண்மாய்க்குப் போகும். மூலையை முழுதாக வெட்டாமல், கவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால் போதும். இதைவிடச் சுலபமான பழக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது. கத்தரிக்கோலை அரை அங்குலம் முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இதை ஊருக்குப் புரியவைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

மற்றதும் அப்படித்தான். டீக்கடைக்குப் போகும்போது தூக்குவாளி. புரோட்டா வாங்கப் போனால் சால்னாவுக்கு மூடி போட்ட பாத்திரம். வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு துணிப்பை. உடைந்த கண்ணாடியை நாலு தாள் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புத் துணி கட்டித் தனியாகக் கொடுப்பது. இது இல்லாததால் என் பணியாளர்களுக்குக் கையில் பட்ட வெட்டு, நான் பார்த்து எழுதியவை மட்டும் நாற்பத்தாறு. வாசலில் உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே தள்ளிவிடுவது. மீன் கழிவை மூன்று நாள் வைத்திருந்து கொடுக்காமல் அன்றைக்கே தாளில் சுற்றிக் கொடுப்பது. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. குளிக்க ஒரு வாளி, அதில் முக்கால் போதும்.

கிடங்குத் தொட்டியில் குப்பை உரமாகிறதா என்று பார்க்க எங்களிடம் கருவி இல்லை. நாலடி இரும்புக் கம்பி ஒன்றைக் குவியலுக்குள் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பார்ப்போம். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சில்லென்று இருந்தால் எங்கேயோ கோளாறு, கிளறிப் போட்டுச் சாணிக் கரைசல் தெளிக்க வேண்டும். இந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்கே போயிருக்கிறேன், செயல் அலுவலருக்குக் காட்ட. போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது.

அந்தச் செயல் அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது இளையவர். குரலை உயர்த்தியதே இல்லை. அறிக்கையைக் கொடுத்தால் கடைசி வரியை மட்டும் படிப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார், பிறகு “அப்புறம்?” என்பார். நாம் ஏதாவது சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடியும் “அப்புறம்?” நாலாவது ‘அப்புறம்’ வரும்போது நாம் சொல்லக் கூடாதென்று நினைத்ததையும் சொல்லியிருப்போம். அவர் முன்னால் நின்றுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் முதலில் தண்ணீர்ப் பானையைத்தான் தேடுவார்கள்.

ஒரு கூட்டத்தில் நான் சொன்னேன்: “பிரிச்சுக் குடுக்குறது எண்பது சதவீதம் வந்துருச்சு சார்.”

“அப்புறம்?”

“மொத்தக் குப்பை குறையல சார். அதே எடைதான்.”

“அப்புறம்?”

அந்த இரண்டாவது ‘அப்புறம்’தான் போட்டியைக் கொண்டுவந்தது. ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து முப்பது நாள் வீட்டுக்கு வீடு எடை போடுவது. மிகக் குறைந்த குப்பை தரும் வீட்டுக்குச் சுதந்திர தினத்தன்று பரிசு. யோசனை என்னுடையது. அதை யார் தலையிலும் போட முடியாது.

பள்ளிவாசல் பக்கத்துத் தெருவை எடுத்தேன். இருபத்தாறு வீடு. அதில் பதினொன்று பூட்டிக் கிடந்தன. ஆண்கள் வளைகுடாவில், பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்காகத் திருச்சியில். மீதிப் பதினைந்து வீட்டில் பதினேழாம் எண் வீட்டில் இருந்தவர் சுபைதா பீவி. வயது அறுபத்தெட்டு. கணவர் ஊர் ஊராகத் துணி கொண்டுபோய் விற்றவர், இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் சவுதியில். மருமகள் அந்த ஜூன் மாதம்தான் பேத்திகளோடு திருச்சிக்குப் போயிருந்தார்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அந்த வீட்டுப் பச்சை வாளியில் சோறு வந்தது. சமைத்த வெள்ளைச் சோறு. ஐந்து நாள் தொடர்ந்து, நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல். எனக்குப் பொறுக்கவில்லை. ஆறாவது நாள் நானே வண்டியோடு போனேன். வாளியைத் திறந்து வாசலில் வைத்து, அக்கம்பக்கத்தார் பார்க்கும்படியே கேட்டேன்:

“அம்மா, இது நாலு பேர் சாப்பிடுற சோறும்மா. இப்படிக் குப்பையில கொட்டலாமா? அஞ்சு நாளா பார்க்குறேன். ஒரு அரிசி வெளைய எவ்வளவு தண்ணி வேணும்னு தெரியுமா?”

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “தப்புதான் தம்பி. இனிமே வராது.”

சொன்னபடியே வரவில்லை. மறுநாளிலிருந்து ஒரு பருக்கை இல்லை. எனக்கு ஒரே பெருமை. கூட்டத்தில் உதாரணமாகச் சொன்னேன். ஒரே ஒரு முறை எடுத்துச் சொன்னதற்கே பலன் என்று அறிக்கையிலும் எழுதினேன்.

போட்டி தொடங்கியது. கொக்கித் தராசோடு செல்லாயி போவார். அந்தத் தெரு வண்டி அவர் பொறுப்பு. இருபது வருடப் பணி, வாய் கொஞ்சம் நீளம். அவர் எடையைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மூன்றாம் நாளே தெருக்கோடிக் காலி மனையில் குப்பை கூடிவிட்டது. எட்டாம் எண் வீட்டுக்காரர் தன் வீட்டுத் தேங்காய் மட்டையைப் பன்னிரண்டாம் எண் வாளியில் போட்டுவிட்டுப் பிடிபட்டார். “போட்டின்னா அப்படித்தான சார்” என்று அவரே சிரித்தார்.

பதினேழாம் எண் வீட்டின் எடை முதல் வாரம் சராசரி நூற்றுத் தொண்ணூறு கிராம். இரண்டாம் வாரம் எண்பது. மூன்றாம் வாரம் முப்பது. நாலாம் வாரத்தில் பச்சை வாளி ஐந்து நாள் காலி. நீல வாளியில் ரஸ்க் கவர் மட்டும், அதுவும் கழுவி, காயவைத்து, நாலாக மடித்து.

செல்லாயி ஒரு நாள் கேட்டார். “சார், அந்த பீவியம்மா வீட்டுல அடுப்பு எரியிற மாதிரியே தெரியலையே. தாளிக்கிற வாசனை வந்து பத்து நாளாச்சு.”

“அது அவங்க வீட்டு விஷயம். நாம வாளியை மட்டும் பார்ப்போம்” என்றேன்.

“வாளிதான் சார் சொல்லுது.”

“கிராமைச் சொல்லுங்க செல்லாயி.”

“சைபர்” என்றார். எழுதிக்கொண்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் வேறு மாதிரிச் சந்தேகம். எட்டாம் எண்காரர் செய்ததுபோல இவரும் குப்பையை வேறெங்கோ போடுகிறாரோ என்று. இருபத்தாறாம் நாள் பதினேழாம் எண் வீட்டுக்குச் சோதனைக்குப் போனேன். கொல்லைப்புறம் பார்த்தேன், கிணற்றடி பார்த்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சமையலறைக்குள்ளும் பார்க்க அனுமதி கேட்டேன். அடுப்பு மேடை துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது. பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்தபடி. அரிசி வாளியின் மேல் மெல்லிய தூசி. இதையெல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ‘மிகச் சுத்தம். முறைகேடு இல்லை’ என்று எழுதினேன்.

“டீ போடவா தம்பி?” என்று கேட்டார். “உக்காருங்களேன். செத்த நேரம் இருந்துட்டுப் போலாம்.”

இன்னும் பதினாலு வீடு பாக்கி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். அதில் ஒன்பது வீட்டை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தேன்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு பரிசளிப்பு. பரிசு என்ன தெரியுமா? ஒரு பச்சை வாளி, ஒரு நீல வாளி. மூடியோடு, பெரிய அளவு, இருபது லிட்டர். செயல் அலுவலர் கொடுத்தார். நான் ஒலிபெருக்கியில், “முப்பது நாட்களில் மொத்தமே இரண்டு கிலோ நூற்றைம்பது கிராம் குப்பை” என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். சுபைதா அம்மா வாளிகளை வாங்கிக்கொண்டு என் பக்கமாக வந்து, மெல்லத்தான் கேட்டார்:

“தம்பி, இதுல நான் என்னத்தப் போட?”

நான் சிரித்தேன். அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். முக்காட்டை மீறித் தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததைச் செல்லாயி பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது வாளி மட்டும்.

போட்டி முடிந்துவிட்டதால் எடை போடுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் செல்லாயி பதினேழாம் எண் வீட்டைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. பரிசு கொடுத்த பதினோராம் நாள் காலை ஏழே காலுக்கு எனக்குப் போன்.

“சார், பீவியம்மா கதவு தெறக்கல. ரெண்டு வாளியும் முந்தாநாள் வச்ச எடத்துல அப்படியே இருக்கு. தட்டித் தட்டிப் பார்த்தோம்.”

“ஊருக்குப் போயிருப்பாங்க.”

“செருப்பு வாசல்ல கெடக்கு சார். நான் நம்ம வண்டி மூர்த்திய விட்டுக் கொல்லைப்பக்கம் ஏறிக் குதிக்கச் சொல்லப்போறேன். நீங்க மெமோ குடுத்தாலும் சரி.”

நான் போய்ச் சேர்வதற்குள் கதவைத் திறந்திருந்தார்கள். சமையலறை வாசற்படியில் ஒருக்களித்துக் கிடந்தார். நினைவு வந்து வந்து போயிற்று. உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அழகம்மாள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வண்டியின் மூன்றாவது ஆள் அவர். ஆம்புலன்சில் புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் உப்பு மிகவும் குறைந்துபோயிருக்கிறது, சத்தே இல்லை, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். “என்ன சாப்பிடுறாங்க?” என்று என்னைக் கேட்டார், உறவுக்காரன் என்று நினைத்து.

என்னால் சொல்ல முடிந்தது. முப்பது நாள் கணக்கு என் பையில் இருந்தது. ரஸ்க்கும் டீயும் என்றேன்.

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். மகன் சவுதியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். வார்டில் நானும் செல்லாயியும் இருந்தோம். நான் ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன், ஆறு. அதைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

“ஏம்மா சமைக்காம விட்டீங்க? பையன் அனுப்பலையா?”

“அவன் அனுப்பாம என்ன. அரிசி இருக்கு, எல்லாம் இருக்கு. எனக்கு ஒரு ஆளுக்கு ஆக்கத் தெரியாது தம்பி.”

“தெரியாதுன்னா?”

“பதினாறு வயசுல வாக்கப்பட்டு வந்தேன். அன்னையிலேர்ந்து அரைப்படிக்குக் கொறஞ்சு ஒல வச்சதில்ல. எங்க வீட்டுல தனித் தட்டே கெடையாது. சஹன்லதான்.” கையால் பெரிய வட்டம் ஒன்று போட்டுக் காட்டினார். “இம்புட்டுப் பெரிய தட்டு. நாலு பேரு சுத்தி உக்காந்து ஒரே தட்டுல திங்கிறது. அவுக மௌத்தாகிப் போய்ச் சேந்த பெறகும் மருமகளும் பிள்ளைகளும் இருந்தாக. அவுகளும் போன பெறகு, கை பாட்டுக்கு அரைப்படியத்தான் அள்ளுது. கொறைச்சு அள்ளுனா கொழஞ்சு போகுது, இல்லாட்டி அடி பிடிக்குது. மிஞ்சினத யாருக்குக் குடுக்க? பக்கத்து வீடு ரெண்டும் பூட்டிக் கெடக்கு. அதான் கொட்டுனேன்.”

நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். கோபமே இல்லாத குரலில்தான் மீதியைச் சொன்னார்.

“நீங்க வந்து கேட்டீகள்ல, இது நாலு பேரு சோறும்மான்னு. நியாயம்தான். சோத்தக் கொட்டுறது அல்லாவுக்கே அடுக்காது. கொட்டக் கூடாதுன்னா ஆக்காம இருக்கணும். ஆக்குறதே இல்லன்னு விட்டுட்டேன்.”

செல்லாயி ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். தோலை எங்கே போடுவது என்று என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் செயல் அலுவலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசு கொடுத்தது அவர் கையால் என்பதால் சொல்லித்தான் ஆக வேண்டும். அறிக்கையாக எழுதவில்லை, வாயால் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல சார். நான் எழுதின சைபர் எல்லாம் அந்த அம்மா சாப்பிடாத நாள். அஞ்சு சைபர். நான் அதுக்குக் கை தட்ட வச்சேன்.”

மறுபடியும் ‘அப்புறம்’ வரவில்லை. என் பதிவேட்டை வாங்கி, ஸ்கேலை வைத்து, கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புதுப் பத்தி வரைந்தார். தலைப்பும் அவரே எழுதினார்: ‘பச்சை வாளி காலி – தொடர்ந்து எத்தனை நாள்?’ திருப்பிக் கொடுத்துவிட்டு, “மூணு நாள் ஆனா கதவைத் தட்டச் சொல்லுங்க” என்றார். “தட்டுனது யாருன்னு பேரும் எழுதுங்க.”

அந்தப் பத்தி நான் ஓய்வு பெறும்வரை இருந்தது. இரண்டு வருடம் பதினோரு மாதம். அதில் தட்டிய கதவுகள் எழுபத்து மூன்று. பெரும்பாலும் வெளியூர் போனவர்கள். நாலு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். ஒருவர், சட்டி பானை கழுவச் சோம்பலாக இருக்கிறது என்று சொல்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்களைத் திட்டி அனுப்பினார். பரவாயில்லை.

ரேவதி, உங்கள் போனில் ‘குப்பை இல்லை’ பட்டனை மூன்று நாள் தொடர்ந்து அமுக்கினால் ஒரு மணி அடிக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஒரு பென்சிலும் ஸ்கேலும் போதும்.

என் வீட்டு வாசலிலும் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். வருகிறவர் ஓர் இளைஞர், காதில் பாட்டு கேட்டுக்கொண்டே வருவார். நான் வெளியூர் போவதில்லை என்பதால் என் வாளி காலியாக இருப்பதற்குக் காரணமே கிடையாது. இருந்தாலும் சில நாள் சமைக்கப் பிடிப்பதில்லை. அன்றைக்கு நேற்றைய செய்தித்தாளில் ஒரு தாளைச் சுருட்டியாவது வாளியில் போட்டுவைக்கிறேன். அவர் ஒரு நிமிடம் நின்று அதை எடுத்துவிட்டுப் போவார். சுற்றுச்சூழலுக்கு இது நல்ல பழக்கமில்லை. தாளைச் சேர்த்துவைத்துப் பழைய பேப்பர் கடைக்குத்தான் போட வேண்டும். தெரியும்.

சுபைதா அம்மா இப்போது திருச்சியில் மகன் குடும்பத்தோடு இருப்பதாகக் கேள்வி. ஆனால் அன்றைக்கு மகன் வந்து கூப்பிட்டபோது அவர் போகவில்லை. கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மகனும் விடுப்பு முடிந்து திரும்பிப் போய்விட்டார். அதற்கு அடுத்த மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் தெரு வண்டி வழக்கமான பத்தரைக்கு வரவில்லை. பகல் ஒன்றரைக்குத்தான் வந்தது. மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்காமல் வண்டியை நிறுத்தினார்கள். வழக்கம்போல ஒரு பையை எடுத்து, சாக்கை விரித்துக் கொட்டினேன்.

கலந்த குப்பை. எலும்பு, தயிர் கவர், வெங்காயத் தோல், மசாலாப் பாக்கெட், எல்லாம் ஒன்றாக.

“எந்த வீடு?”

மூர்த்தி டயரை ஆராய்ந்தார். அழகம்மாள் செல்லாயியைப் பார்த்தார்.

“கலந்ததை வாங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? எந்த வீடு செல்லாயி?”

“பதினேழு சார்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“அந்த அம்மாவைத் திட்டாதீங்க. கலந்தது நாங்கதான்.” செல்லாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “காலையில வாளி வாங்கப் போனப்ப, அரைப்படி போட்டுட்டேன், நீங்க மூணு பேரு, நான் ஒருத்தி, வேலைய முடிச்சிட்டு வாங்கன்னாக. குளிச்சிட்டு வாரோம்னோம். கையக் காலக் கழுவிட்டு உள்ள வந்து உக்காரு, போதும்னுட்டாக. நெய்ச்சோறு, கறி. ஒரே சஹன்ல சார், நாலு பேரும். இருபது வருசமா அந்தத் தெருவுல வாசல்ல நிக்கிறேன். உள்ள கூப்பிட்டது இதுதான் மொத வாட்டி. பேச்சும் சிரிப்புமா, எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டுட்டோம்.”

“என்ன பேசுனீங்க?”

“என்னத்தப் பேசுனோம்... அந்தம்மா கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்த கதை. வயிறு வலிக்கிது சார் சிரிச்சு.”

நான் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பிரித்தேன். ஆட்டெலும்பு பதினெட்டுத் துண்டு. பிழிந்த எலுமிச்சை மூடி ஆறு. வாழைப்பழத் தோல் நாலு. நாலு தோலையும் தனியே எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அது எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

“திருப்பிக் குடுக்கணுமா சார்?” என்றார் மூர்த்தி.

“வேணாம். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.”

மற்ற இருவரும் போனார்கள். செல்லாயி வாசல்வரை போய்த் திரும்பினார்.

“சார், அம்மா உங்களையும் கூட்டியாரச் சொன்னாக. நான்தான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நீங்க வந்தா சோத்த நிறுத்துப் பாப்பீங்க சார்.”

அவர் சொன்னது சரி. நிறுத்திருப்பேன்.

கிடங்கில் யாரும் இல்லை. பச்சையில் சேர வேண்டியதை வாளியில் அள்ளிக் கொக்கித் தராசில் மாட்டினேன். ஒரு கிலோ அறுநூற்று நாற்பது. அன்று அந்தத் தெருவிலேயே அதிகக் குப்பை பதினேழாம் எண் வீட்டில்தான். பதிவேட்டில் எழுதிவிட்டு, அந்த ஒரு வாளியை மட்டும் நானே தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினேன்.